மாமாவின் பில்லும் கம்பெனியின் கிளாஸும்

ஆஃபர் லெட்டரில் நாம் படிப்பது சம்பளப் பக்கத்தை மட்டும்தான். கையில் எவ்வளவு வரும், பிஎஃப் எவ்வளவு போகும் என்று பார்த்துவிட்டு மற்ற பக்கங்களில் மளமளவென்று கையெழுத்துப் போடுகிறோம். என்னுடையதில் ஏதோ ஒரு பக்கத்தில், வேலையில் இருக்கும் காலத்தில் நான் எழுதும் எந்த மென்பொருளும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு கிளாஸ் இருந்தது.

நீங்களும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள். கிருஷ்ணன்கோவிலிலோ சிவகாசியிலோ இன்ஜினியரிங் முடித்து, ஓஎம்ஆரில் வேலை; லீவு கிடைத்தால் எழும்பூரில் பொதிகை ஏறி, விடிந்ததும் ராஜபாளையத்தில் இறங்குகிறவர். சொந்தத்தில் யாராவது தறி வைத்திருப்பார். எனக்குச் சத்திரப்பட்டியில் மாமா. பேண்டேஜ் துணி நெய்து மருந்து ஏஜென்சிகளுக்கு அனுப்புகிறவர். "கம்ப்யூட்டர் படிச்சு என்ன மாப்ள, நமக்கு ஒரு பில்லு போட வழி பண்ண மாட்டியா?" என்றார்.

பண்ணினேன். பைத்தான், எஸ்க்யூலைட், துணிக்கு எச்எஸ்என் 3005, ஜிஎஸ்டி பில், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு: ஸ்ரீ.

ஒரு வேலை நாள் மத்தியானம் மாமா போன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஏஜென்சிக்காரர் பணம் கட்டிவிட்டார், லிஸ்டில் பாக்கி அப்படியே நிற்கிறது, இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. பார்த்தால் ஒரே ஏஜென்சி இரண்டு கணக்காக நின்றது. பெயரில் எழுத்துப் பிழை எதுவும் கிடையாது. யூனிகோடில் ஸ்ரீயை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்த்த 'ஶ' வைத்தும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல். மாமாவின் போன் ஒன்றைப் போட்டது, கணக்குப்பிள்ளையின் கீபோர்டு இன்னொன்றை. 'கொ' போன்ற எழுத்துகளுக்கு இப்படி வந்தால் யூனிகோடின் நார்மலைசேஷனே ஒன்றாக்கிவிடும். ஸ்ரீக்கு அது கை கொடுக்காது. பெயரைச் சேமிக்கும் முன் ஒன்றை இன்னொன்றாக மாற்ற நாமே ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த ஒரு வரியைத்தான் ஆபீஸ் லேப்டாப்பில் எழுதி கமிட் செய்தேன். ஒவ்வொரு கமிட்டிலும் பெயர், மெயில் ஐடி, நேரம் மூன்றையும் கிட் பதிந்து வைக்கும். பதிந்தது ஆபீஸ் ஐடி, ஆபீஸ் நேரம். மாமா அங்கே வியாபாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். சொல்கிறவர்களுக்கு மாமா இல்லை.

பிறகு நாலைந்து தறிக்காரர்கள் காசு கொடுத்து அந்த பில் மென்பொருளை வாங்க ஆரம்பித்தார்கள். நான் பேப்பர் போட்டேன். எச்ஆர் அந்த கமிட்டை பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தது. 'ஊர்க்காரன் சாஃப்ட்வேர்னா பில்லு போடுறதுதானே' என்று நக்கலடித்த டீம் லீடும் அந்த அறையில் இருந்தார். ராஜபாளையத்து மில் குடும்பத்தின் ராம்கோ 1990களிலேயே மார்ஷல் என்று ஈஆர்பி போட்டது அவருக்கு எங்கே தெரியும்? ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பால்கோவா கேட்டு வாங்கித் தின்ற குழுவிலும் ஒருவர் எனக்காக வாய் திறக்கவில்லை.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலையின் பகுதியாகச் செய்ததுதான் முதலாளிக்குச் சொந்தம். நான் வங்கி மென்பொருள் எழுதியவன். பேண்டேஜ் பில் என் வேலையே இல்லை. ஆனால் நான் கையெழுத்திட்ட கிளாஸ் சட்டத்தைவிட அகலம். வழக்காடலாம், ரிலீவிங் லெட்டர் மட்டும் வராது என்றார் வக்கீல். கோடைக் கொடுத்தேன், லெட்டரை வாங்கினேன். சொந்த லேப்டாப்பில் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினேன். முன்னதைவிட இது நன்றாகவே இருக்கிறது.

விட்ட பிறகும் அதே தொழிலில் இறங்கக்கூடாது என்று ஒரு கிளாஸ் காட்டி மிரட்டினார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறது. வேலையை விட்ட பிறகு அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும்வரை கட்டுப்படுத்தும், அதுதான் வித்தியாசம்.

இப்போது ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே வேறொரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். சேரும் முன்பே என் ப்ராஜெக்ட்டுகளைப் பட்டியலிட்டு ஆஃபர் லெட்டரோடு இணைப்பாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். 'அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி' என்று எச்ஆர் வாயால் சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய லேப்டாப் ஒன்றும் தனி மெயில் ஐடியும் போதும்; நெட் உங்கள் போனுடையதாக இருக்கட்டும்.

ஏற்கெனவே உங்கள் கோடு ஆபீஸ் மெஷினில் கிடக்கிறதென்றால், பதறிப்போய் இன்று ராத்திரியே அழித்துவிடாதீர்கள். அழித்ததும் பதிவாகும். ஆஃபர் லெட்டரை எடுத்து, சம்பளப் பக்கத்தைத் தாண்டி முழுதும் படித்துவிட்டு, முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.