மருத்துவமனையும் நுகர்வோர் சட்டமும்: வணிகர் அறிய வேண்டியவை

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள், மீனவர் வீட்டு வரவு செலவைப் பேரேட்டிலேயே படித்துவிடுவார்கள். இறாலும் மடவையும் நன்றாகப் படும் நாட்களில் பழைய பாக்கி தீரும். வீட்டில் ஒருவர் தனியார் மருத்துவமனையில் படுத்துவிட்டாலோ, அந்தக் கணக்கு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பொன்னேரியிலும் சென்னையிலும் கட்டும் பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்த பணம். சிகிச்சையில் தவறு நடந்ததாக நினைப்பவர்கள்கூட, பெரிய கம்பெனியோடு நமக்கேன் வழக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் அப்படி ஒதுங்கச் சொல்லவில்லை.

எடை குறைந்தால், சரக்கு கெட்டிருந்தால் நம் மீது நுகர்வோர் மன்றத்தில் புகார் வரும் என்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது முதல் நாம் அறிவோம். மருத்துவருக்கும் அது பொருந்துமா என்பதில் பெரும் தகராறு எழுந்தது. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் பொருந்தாது என்றது. இந்திய மருத்துவ சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே 13.11.1995 அன்று, பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் சேவையே என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் இடங்களுக்கு மட்டும் விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் உரிமை போகாது.

கம்பெனி மருத்துவமனைகள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அந்த டாக்டர் எங்கள் சம்பளக்காரர் அல்ல, வந்து போகிறவர்" என்பது. 2004இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை; ஆகவே பொறுப்பும் அதற்கே. 1998இல் தில்லி மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் போட்ட தவறான ஊசியால் குழந்தை பாதிக்கப்பட்ட வழக்கிலும் நிர்வாகமே இழப்பீடு தர வேண்டியதாயிற்று. கடைப்பையன் தவறாக நிறுத்துப் போட்டால் முதலாளி பதில் சொல்வதில்லையா?

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நோயாளி இறந்தார் என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். கடும் அலட்சியம் இருந்தாலன்றி அவர் மீது கிரிமினல் வழக்கு நிற்காது என்று 2005இல் தீர்ப்பானது. நுகர்வோர் வழக்கிலும் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும், காலமும் பிடிக்கும். கொல்கத்தாவில் 1998இல் சிகிச்சை பெற்று இறந்த ஒரு பெண்ணுக்காக, சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு 2013இல்தான் உறுதியானது.

எனவே கையில் காகிதம் இருக்க வேண்டும். ரசீது இல்லாத கொள்முதல் என்ன பாடு படுத்தும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனுக்குச் சாமான் வாங்க வரும் வாடிக்கையாளரிடம் இதையும் சொல்லுங்கள்: பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடக்கூடாது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

20.7.2020 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் பகுதிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மருத்துவமனை சென்னையில் இருந்தாலும், பழவேற்காட்டில் குடியிருப்பவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய பணம் 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டுகள்.