குழந்தையின் மூச்சு

மூச்சு விடுதலை ‘உயிர்த்தல்’ என்று கூறுவது தமிழ் வழக்கு. மூச்சே உயிர் என்பதை இச்சொல் உணர்த்துகிறது. அம்மூச்சை இளங்குழந்தைகளிடமிருந்து பறிக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதுவே ‘நிமோனியா’ எனப்படும் நுரையீரல் அழற்சி. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 7 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கு மலைத்தொடரின் அடியில் அமைந்தது. மழையும் பனியும் மிகும் ஐப்பசி முதல் தை வரை இங்குள்ள குழந்தைகளுக்குச் சளியும் இருமலும் காண்பது இயல்பு. மலைக்காற்றுப் பட்டதனால் நெஞ்சில் சளி கட்டியது என்று முதியோர் கூறுவர். ஆயின், காற்று மட்டுமே காரணமன்று. குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்துப் பலரும் ஓரறையில் நெருங்கியிருக்கும்பொழுது, ஒருவர் இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் வழியே கிருமிகள் மற்றவரைப் பற்றுகின்றன. அவை நுரையீரலின் காற்றறைகளில் பெருகுமாயின், அவ்வறைகளில் நீரும் சீழும் நிறையும், காற்றுக்கு இடமிராது.

கிருமி விதை எனின், அது முளைக்கும் நிலத்தைப் பண்படுத்துவன வேறு சில. விறகடுப்பின் புகையும் பீடிப் புகையும் குழந்தையின் மூச்சுக் குழாயைப் புண்படுத்துகின்றன. முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே பெறாத குழந்தைக்கும், ஊட்டமின்றி மெலிந்த குழந்தைக்கும் எதிர்ப்பாற்றல் குறைவு. சளி நீங்குமென்று மூக்கில் எண்ணெய் விடும் பழக்கமும் தீதே. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை விளைக்கும்.

இந்நோயைத் தடுக்க வழியுண்டு. இந்நோய்க் கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் மருந்து அடங்கிய ஐந்நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டிலும், நியூமோகாக்கஸ் என்னும் கிருமிக்கான தடுப்பூசி 2021ஆம் ஆண்டிலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. இவை கட்டணமின்றி இடப்படுகின்றன. தட்டம்மையைத் தொடர்ந்தும் இந்நோய் வருமாதலின், அதற்குரிய ஊசியும் இன்றியமையாதது.

நோயை அறிதலும் அரிதன்று. அழாது அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுதல் வேண்டும். இரண்டு திங்கள் நிரம்பாத குழந்தைக்கு 60, ஓராண்டு நிரம்பாததற்கு 50, ஐந்தாண்டு நிரம்பாததற்கு 40 என்னும் அளவை மூச்சின் எண்ணிக்கை எட்டினாலோ கடந்தாலோ அது நோயின் அறிகுறி. மூச்சை இழுக்கும்பொழுது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதலும், பால் குடிக்க இயலாமையும் பேரிடரைக் காட்டுவன. அந்நிலையில் கைம்மருந்து செய்து காலம் தாழ்த்தலாகாது. கம்பத்திலும் பெரியகுளத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன, க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

மாணவர்களே! ஏலத்தோட்ட வேலைக்குத் தாயர் மலையேறிச் செல்லும் வீடுகளில், தம்பி தங்கையரைக் காப்போர் பலகால் நீங்களே. எண்ணக் கற்ற நீங்கள் அவர்தம் மூச்சையும் எண்ணிப் பாருங்கள். மாறுபாடு கண்டால் உடனே பெரியோரிடம் கூறுங்கள். நீங்கள் கற்ற கணக்கு ஓர் உயிரைக் காக்குமாயின், கல்வியின் பயன் அதனினும் வேறு யாது?