இதயம் துடிக்கிறதே, உயிர் இருக்கிறதே!

விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். நினைப்பவர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று சொந்தபந்தங்களின் பெயரையெல்லாம் அடுக்கிய சிறு வயது நம்மில் பலருக்கு உண்டு. கெடுதல் இல்லாத நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உதரவிதானத்தைச் சட்டென்று இழுத்து விக்கலை உண்டாக்கும் நரம்புச் சுற்றில் மூளைத்தண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2 நாள் தாண்டியும் விக்கல் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். விக்கலோடு திடீர்த் தலைசுற்றல், விழுங்கச் சிரமம், குரல் கம்மல் சேர்ந்துகொண்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். மூளைத்தண்டின் அடிப்பகுதியில் வரும் பக்கவாதம் சில நேரம் இப்படித்தான் தொடங்கும்.

'மூளைத்தண்டு என்பது தலையையும் உடம்பையும் இணைக்கும் வெறும் கம்பிக் கட்டு.'

இணைக்கிறது என்பது சரி. கட்டைவிரல் தடிமன், 7, 8 சென்டிமீட்டர் நீளம். மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகும் கட்டளைகள் இந்த ஒடுங்கிய பாதை வழியாகத்தான் போகின்றன. முகுளத்தின் அடியில் பெரும்பாலான இழைகள் பக்கம் மாறிக்கொள்வதால்தான் இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழுந்துபோகிறது.

ஆனால் வெறும் கம்பி நம்மை எழுப்பாது. 1949-இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டுக்குள் லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். உடனே அதன் மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளாக மாறின. நாம் விழித்திருப்பதும், நினைக்காமலே மூச்சு விடுவதும் இந்தக் கட்டைவிரல் அளவு சதையின் வேலை.

'இதயம் துடிக்கிறதே, உடம்பு சூடாக இருக்கிறதே. மூளைச்சாவு என்று எப்படிச் சொல்லலாம்?'

ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பதில் தவறே இல்லை. இதயத்துக்குத் தனக்கென்று மின் முடிச்சு இருக்கிறது. மூளை சொல்லாமலே துடிக்கும். மூச்சுக்கு அந்த வசதி கிடையாது. முகுளம் கட்டளையிட்டால்தான் நெஞ்சு விரியும். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்வரை ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கும், இதயம் ஓடும், உடம்பும் சூடாக இருக்கும்.

மருத்துவர்கள் சோதிப்பது மூளைத்தண்டைத்தான், மேலிருந்து கீழாக. கண்ணில் டார்ச் அடிப்பார்கள். கண் பாப்பா சுருங்கவில்லை என்றால் நடுமூளை பதில் சொல்லவில்லை. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடுவார்கள். இமை மூடவில்லை என்றால் பான்ஸ் பதில் சொல்லவில்லை. காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டு விழி அசைகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் நுழைத்து இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் கொடுத்தபடி வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 10 நிமிடம் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, துளி உயிர் இருக்கும் முகுளமும் ஒரு மூச்சாவது இழுத்தே தீரும். இழுக்கவில்லை என்றால் அதற்குமேல் மூச்சு இல்லை.

உறுப்பு தானத்துக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இதைச் செய்து கையெழுத்திட வேண்டும். தூக்க மருந்தோ உடல் குளிர்ந்துபோனதோ காரணம் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இரண்டு முறையும் செய்தாயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். 2008-இல் ஹிதேந்திரன் என்ற மாணவரின் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தானம் தந்தபோது அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்க முடியாது, இருவருமே மருத்துவர்கள். நம்மில் பலர் அப்படி இல்லை. அதனால்தான் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைகளுக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூளைச்சாவுக்குப் பிறகும் சிலருக்கு விரல் துடிக்கும், அபூர்வமாகக் கை எழும்பும். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். தெரியாமல் பார்த்துவிட்ட குடும்பத்துக்கு அந்த ஒரு காட்சி வாழ்நாள் முழுவதும் ஆறாது.

'கோமாவும் மூளைச்சாவும் ஒன்றுதான்.'

ஒன்றல்ல. கோமாவில் மூளைத்தண்டில் உயிர் இருக்கலாம், மீள்பவர்கள் உண்டு. மூளைச்சாவிலிருந்து மீண்டவர் இல்லை.

'அசைவே இல்லை, அவருக்கு எதுவும் தெரியாது.'

பான்ஸின் முன்பகுதி மட்டும் பழுதானால், அறிவு முழுவதும் தெளிவாக இருக்க, கைகால் முகம் வாய் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் டொமினிக் போபிக்கு 1995-இல் இப்படித்தான் ஆனது. அவர் இடது இமையை மட்டும் சிமிட்டி எழுத்தெழுத்தாகச் சொன்ன புத்தகம் 1997-இல் வெளிவந்தது. இத்தகையவர்களுக்குக் கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் சிமிட்டுவதும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அசையாமல் படுத்திருப்பவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், கட்டில் அருகே குனிந்து, பெயர் சொல்லி அழைத்து, "மேலே பாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.