மூன்றாவது டிக் கிடையாது

நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகும், எல்லார் கணினியும் செல்போனும் அமைச்சகத்தோடு இணைக்கப்படும் என்று ஒரு ஃபார்வர்ட் பல ஆண்டுகளாகக் குடும்பக் குழுக்களைச் சுற்றி வருகிறது. அந்த 'நாளை' இன்னும் வரவில்லை. அதன் சுவையான பகுதி டிக் கணக்கு. மூன்று நீல டிக் என்றால் அரசு பார்த்துவிட்டது. இரண்டு நீலமும் ஒரு சிவப்பும் என்றால் நடவடிக்கை வரலாம். மூன்றும் சிவப்பு என்றால் சம்மன் புறப்பட்டுவிட்டது. ரகசியமாக வேவு பார்க்கிற அரசு, பார்க்கப்படுகிறவருக்கு வண்ண வண்ணமாகத் தகவலும் அனுப்பும் என்று நம்ப எவ்வளவு வெள்ளை மனம் வேண்டும்! பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதைப் பல தடவை மறுத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் மூன்றாவது டிக்கே கிடையாது.

மறுப்பைப் படித்ததும், 'அப்படியானால் யாரும் எதையும் பார்ப்பதில்லை' என்று நிம்மதியாகிவிடுகிறோம். வதந்தியைவிட எனக்கு அந்த நிம்மதிதான் கவலை தருகிறது.

நம்பிக்கை: 2018 டிசம்பர் முதல் பத்து அரசு அமைப்புகள் எல்லாருடைய கணினியையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வதந்திக்கு ஒரு உண்மையான காகிதம் பின்னணியில் இருக்கிறது. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. உளவுத்துறை, சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை, நேரடி வரிகள் வாரியம், 'ரா' அமைப்பை உள்ளடக்கிய அமைச்சரவைச் செயலகம், டெல்லி காவல் ஆணையர் உட்படப் பத்து அமைப்புகளின் பெயர் அதில் இருந்தது. எந்தக் கணினியிலும் உருவான, அனுப்பிய, பெற்ற, சேமித்த தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் மறைகுறி நீக்கவும் இவற்றுக்கு அதிகாரம் என்றது ஆணை. 'எந்தக் கணினியிலும்' என்பது ஒரே நாளில் 'எல்லாக் கணினியிலும்' ஆகிவிட்டது.

ஆணை சொன்னது வேறு. யார் கண்காணிக்கலாம் என்ற பட்டியல் அது. யாரை என்பதற்குத் தனித்தனி உத்தரவு வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் 2009-இல் வந்த விதிகளின்படி, ஒவ்வொரு உத்தரவிலும் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். அவசரமானால் அதற்குமுன் தொடங்கலாம். ஆனால் ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஓர் உத்தரவின் ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. ஆக, சட்டம் கையில் கொடுத்திருப்பது தூண்டில், வலை அல்ல. புதிய அதிகாரம் எதுவும் தரவில்லை என்று அப்போது அரசு சொன்ன விளக்கம் எழுத்தளவில் சரிதான். ஒன்பது ஆண்டுகளாகவே அந்த அதிகாரம் இருந்தது என்பதை அந்த விளக்கம் நமக்கு நினைவூட்டியதும் சரிதான்.

நம்பிக்கை: 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரித்துறை எல்லார் மின்னஞ்சலையும் படிக்கும்.

படிக்காது. புதிய வருமான வரிச் சட்டம், 2025, சோதனையின்போது பீரோவைத் திறக்கும் அதிகாரத்தை மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, இணையச் சேமிப்பு ஆகியவற்றுக்கும் நீட்டியிருக்கிறது. ரெய்டு நடக்கிற இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஒழுங்காகக் கணக்குக் காட்டிய மாதச் சம்பளக்காரர் தன் மின்னஞ்சலை அழித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: நீதிபதி அனுமதி இல்லாமல் அரசு ஒட்டுக்கேட்க முடியாது.

படித்தவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். ஹாலிவுட் படத்தில் போலீஸ் வாரண்டுக்கு அலைவதைப் பார்த்த பழக்கமாக இருக்கலாம். இந்தியாவில் நீதிபதிக்கு இதில் வேலையே இல்லை. உத்தரவு கேட்பவர் அரசு அதிகாரி. தருபவர் அரசு அதிகாரி. தந்தது சரியா என்று பிறகு பார்க்கும் மறுஆய்வுக் குழுவில் மத்தியில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலாளரும், சட்டம், தொலைத்தொடர்பு ஆகிய இரு துறைகளின் செயலாளர்களும். 1996-இல் பி.யு.சி.எல். வழக்கில் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் வகுத்துக்கொடுத்த ஏற்பாட்டைத்தான் கணினிக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தொலைபேசிக்கு மட்டும் மத்திய அரசு மாதம் சராசரியாக 7,500 முதல் 9,000 வரை உத்தரவுகள் போடுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பதில் வெளியானது. 2018-இல் தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளை ஆராய வேண்டும். நடக்கிற காரியமல்ல என்று தன் அறிக்கையில் எழுதியது. நாட்டின் மிக உயர்ந்த அதிகாரி தன் மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்து உட்கார்ந்தாலும் ஒரு கோப்புக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்பின் தேவையோ இருந்தாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமே நிபந்தனை வைத்திருந்தது. கணினிக்கான 69-ஆம் பிரிவில் அந்த நிபந்தனை கிடையாது. 'எந்தவொரு குற்றத்தின் விசாரணைக்காகவும்' என்றாலே போதும். கண்காணிப்புக்கு ஒத்துழைக்க மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

நிபந்தனை இருப்பதன் அருமை 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் உள்துறை பிறப்பித்திருந்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிப்பது நல்ல நோக்கமாக இருக்கலாம், ஆனால் அது பொது அவசரநிலை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ஒட்டுக்கேட்டதை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழு முன் வைக்கவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். வழக்கு வந்ததால் அந்த மனுதாரருக்கு விஷயம் தெரிந்தது. வழக்கே போடப்படாதவருக்கு, முடிந்த பிறகாவது, 'உங்களைக் கண்காணித்தோம்' என்று சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

நம்பிக்கை: கணினிக்குள் புக ரகசிய சிப் வேண்டும், விண்டோஸிலேயே பின்கதவு இருக்கிறது.

1999-இல் விண்டோஸ் என்.டி.யின் உள்ளே ஒரு குறியீட்டுச் சாவியின் பெயரில் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.யின் மூன்றெழுத்து இருப்பதைக் கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபெர்னாண்டஸ் கண்டுபிடித்தபோது உலகமே அதிர்ந்தது. அது தங்கள் சாவிதான், ஏற்றுமதி விதிகளைப் பரிசீலிப்பது அந்த அமைப்பு என்பதால் அப்படிப் பெயர் வைத்தோம் என்றது மைக்ரோசாஃப்ட். அதை வைத்து யாரும் வேவு பார்த்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அவ்வளவு மெனக்கெடத் தேவையும் இல்லை. ஒரு மின்னஞ்சல் இணைப்பே போதும். பீமா கோரேகாவ் வன்முறை வழக்கில் கைதான ஒருவரின் லேப்டாப் நகலை அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் ஆராய்ந்தது. 2016 ஜூனில் தெரிந்தவர் பெயரில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததும் நெட்வயர் என்ற மென்பொருள் உள்ளே உட்கார்ந்துகொண்டது, 22 மாதங்களுக்கு மேல் கணினி வேறொருவர் பிடியில் இருந்தது, கடிதங்கள் வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டன என்றது 2021-இல் வெளியான அதன் அறிக்கை. நெட்வயர் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்த சரக்கு. அந்த வேலையைச் செய்தது யார் என்று அறிக்கை பெயர் சொல்லவில்லை. என்.ஐ.ஏ. அறிக்கையை ஏற்கவில்லை.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்திலும் முடிவு இப்படித்தான் தொங்கியது. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 செல்போன்களை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா இதை நீதிமன்றத்தில் சொன்னபோது, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு குறிப்பிட்டிருப்பதையும் சேர்த்தே சொன்னார். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று ஒரு தரப்பும், 'ஐந்து பேர் மாட்டினார்கள்' என்று மறு தரப்பும் அவரவர்க்கு வேண்டிய பாதியை மட்டும் பரப்பிக்கொண்டன.

நம்பிக்கை: இன்காக்னிட்டோவில் பார்த்தால், விபிஎன் போட்டால் தப்பிக்கலாம்.

இன்காக்னிட்டோ உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும்; இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமிருந்து மறைக்காது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அதன்பின் சில நிறுவனங்கள் இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன. கணினியை அப்டேட் செய்வதும் தெரியாத இணைப்பைத் திறக்காமலிருப்பதும் இவற்றைவிடப் பயன் தரும்.

எல்லாரையும் பார்க்கிறார்கள் என்ற வதந்தி ஆட்சியில் இருப்பவர்களுக்கு வசதியானது. அதை மறுப்பது சுலபம். மறுத்ததும் பேச்சும் முடிந்துவிடும். யாரை, எத்தனை பேரை, எதற்காக என்ற கேள்வி எழுவதே இல்லை. விதிப்படி கண்காணிப்புப் பதிவேடுகளைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பதால் தாமதமாகக் கேட்டால் பதிலும் இருக்காது. ஆகவே டிக் கணக்கை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் நேரத்தில் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் 69-ஆம் பிரிவின் கீழ் எத்தனை உத்தரவுகள் போடப்பட்டன, மறுஆய்வுக் குழு அவற்றில் எத்தனையை ரத்து செய்தது என்று அவர் நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.