மல்பெரி வீதிக் கலைஞர்

சான்றோரைப் பெற்ற ஊர் அவர்தம் பெயரால் சிறப்படையும். அவர் பிறந்த இல்லத்தையும் நடந்த வீதியையும் காண மக்கள் நெடுந்தொலைவு கடந்து வருவர். அரசர்க்கும் போர்வீரர்க்கும் எழுப்பிய நினைவகங்கள் உலகில் பல உள்ளன. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைந்த ஒருவருக்கு, அவர் பிறந்த ஊரே எழுப்பிய நினைவகங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்பீல்டு நகரில் உள்ளது.

ஸ்பிரிங்பீல்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கனெக்டிகட் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். கூடைப்பந்து விளையாட்டு 1891ஆம் ஆண்டில் தோன்றியது இந்நகரிலேதான். நாட்டுப் படைக்குத் துப்பாக்கி செய்துதவிய பெருந்தொழிற்சாலையும் இங்கு நெடுங்காலம் இயங்கியது. எனினும், இந்நகருக்கு வரும் சிறுவர் பலர் தேடுவது பந்தும் அன்று, துப்பாக்கியும் அன்று. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட நெடிய தொப்பியை அணிந்த பூனை ஒன்றையே! அப்பூனையைப் படைத்தவர் தியோடர் சூஸ் கைசல் என்பவர். டாக்டர் சூஸ் என்னும் புனைபெயரால் உலகம் அவரை அறியும்.

நகரின் நடுவே, பசும்புல் வெளியொன்றைச் சூழ்ந்து காட்சிச்சாலைகள் பல நிற்கின்றன. அப்புல்வெளியில் டாக்டர் சூஸின் நினைவாக 2002ஆம் ஆண்டில் சிலைப் பூங்கா ஒன்று அமைக்கப்பெற்றது. அதில் உள்ள வெண்கலச் சிலைகளைச் செய்தவர் அவருடைய மனைவியாரின் மகளே. எழுதுபலகையின் அருகே கலைஞர் அமர்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் தொப்பியணிந்த பூனை நிற்கிறது. சற்றுத் தள்ளி, ஹார்ட்டன் என்னும் யானை. மற்றோர் இடத்தில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரம்போல் நிற்கின்றன. 2017ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், இப்பூங்காவை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் அவர் பெயரால் தனிக் காட்சிச்சாலையும் திறக்கப்பெற்றது. அதன் கீழ்த்தளம் சிறுவர் ஆடியும் பாடியும் எழுத்துப் பழகியும் மகிழ்வதற்கு உரியது. மேல்தளத்தில் அவர் அமர்ந்து வரைந்த மேசையும் நாற்காலியும், அவர் விரும்பி அணிந்த கழுத்துப் பட்டிகளும், குடும்பத்தார்க்கு எழுதிய மடல்களும் வைக்கப்பெற்றுள்ளன.

கைசல் 1904ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இந்நகரில் பிறந்தார். அவர் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். தாயின் தந்தையார் ரொட்டிக் கடை நடத்தினார். இளமையில் அக்கடையில் பணி செய்த தாய், பண்டங்களின் பெயர்களை அடுக்கிச் சந்தத்தோடு கூவி விற்றதுண்டு. பின்னாளில் அதே சந்தத்தைத் தாலாட்டாகப் பாடி மக்களை உறங்க வைப்பார். தம் பாட்டுக் கதைகளின் ஓசை நயத்திற்கு அத்தாலாட்டே வித்து என்பது மகனின் நம்பிக்கை. தந்தையார் நகரப் பூங்காக்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர். பூங்காவின் விலங்குச்சாலையில் கண்ட விலங்குகளைச் சிறுவன் தாளில் வரைவான். காது நீளும், கால் வளையும், உலகில் இல்லாத விலங்கொன்று அத்தாளில் தோன்றும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா ஜெர்மனியோடு பொருதது. அப்போது ஜெர்மன் குடும்பத்துச் சிறுவன் என்பதற்காகவே உடன் பயின்ற பிள்ளைகள் அவனை இகழ்ந்தனர். பிறப்பால் ஒருவரை இழித்தல் எத்துணைத் துன்பம் தரும் என்பதை அவன் அவ்வயதிலேயே உணர்ந்தான். இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும்.

கல்லூரிப் படிப்பை முடித்து ஆக்ஸ்போர்டு சென்ற கைசல், பேராசிரியர் ஆகும் எண்ணத்தைக் கைவிட்டு ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். 1936ஆம் ஆண்டில் கடற்பயணம் ஒன்றில், கப்பல் இயந்திரத்தின் இடைவிடாத ஓசை அவர் செவியில் சந்தமாய் ஒலித்தது. அச்சந்தத்திலேயே முதற் கதை பிறந்தது. கதை நிகழும் இடம் ஸ்பிரிங்பீல்டு நகரின் மல்பெரி வீதி. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன் அவ்வீதியில் குதிரை வண்டி ஒன்றைக் காண்கிறான். அது மட்டும் போதாது என்று அவன் மனம் அதனைத் தேராக்குகிறது, யானையைப் பூட்டுகிறது, இசைக் குழுவைச் சேர்க்கிறது. தந்தை வினவும்போதோ, கண்டது குதிரை வண்டியே என்று அடக்கமாக விடை கூறுகிறான். இந்நூலை 20க்கு மேற்பட்ட பதிப்பாளர் மறுத்தனர். மனம் சோர்ந்து நியூயார்க் தெருவில் நடந்தவரைப் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் எதிர்ப்பட்டார். அத்தோழர் அன்றுதான் சிறுவர் நூற் பதிப்பாளராகப் பொறுப்பேற்றிருந்தார்! 1937ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது.

குழந்தைகளின் பாடநூல்கள் சுவையற்றவை என்னும் குறை 1954ஆம் ஆண்டில் இதழ் ஒன்றில் எழுந்தது. அதனைப் போக்க முன்வந்த பதிப்பாளர் ஒருவர், எளிய சொற்களின் பட்டியலைக் கைசலிடம் கொடுத்து, அவற்றைக் கொண்டே கதை எழுதுமாறு வேண்டினார். ஓராண்டுக்கு மேல் உழைத்து, 236 சொற்களால் தொப்பியணிந்த பூனையின் கதையை 1957ஆம் ஆண்டில் அவர் முடித்தார். ஐம்பதே சொற்களால் எழுத இயலுமோ என்று மற்றொரு பதிப்பாளர் பந்தயம் கட்ட, 1960ஆம் ஆண்டில் அவ்வாறே ஒரு நூலை இயற்றி வென்றார். சொற்கள் மிகுந்தால் நூல் எளிதில் அமையும். சொற்களைச் சுருக்கிச் சுவையைப் பெருக்குதல் அருமையிலும் அருமை. எழுதியதை அழித்து, அழித்ததை மீண்டும் எழுதும் பொறுமை அவரிடம் இருந்தது.

ஆயினும், இத்தகைய கலைஞரிடமும் குறை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல் 1943 வரை, அவர் நாளிதழ் ஒன்றில் 400க்கு மேற்பட்ட கேலிச் சித்திரங்களை வரைந்தார். இட்லரின் கொடுமையை அவை கடிந்தன; கருப்பர்க்கும் யூதர்க்கும் அமெரிக்காவில் இழைக்கப்பட்ட அநீதியையும் கண்டித்தன. அதே தூரிகை ஜப்பானிய மரபினரை இழிவாகவும் தீட்டியது. அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஜப்பானிய மரபினரை நாட்டுப் பகைவராகக் காட்டும் படம் ஒன்றை 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் வரைந்தார். அதே மாதத்தில் பிறந்த அரசாணையின் விளைவாக, குற்றமற்ற மக்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைபட்டனர். பிறப்பால் இகழப்பட்ட சிறுவன், வளர்ந்தபின் பிறரைப் பிறப்பால் இகழ்ந்தான். தாம் பட்ட துன்பத்தைப் பிறர்பால் மறந்துவிடுதல் மக்கள் இயல்பு போலும்!

போர் முடிந்தது. 1953ஆம் ஆண்டில் கைசல் ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டுப் பள்ளிகளையும் பிள்ளைகளையும் பற்றி அறிந்து வந்தார். அடுத்த ஆண்டில் ஹார்ட்டன் என்னும் யானையின் கதை வெளிவந்தது. பறந்து வந்த தூசித் துகள் ஒன்றினுள் சிற்றூர் ஒன்று இருப்பதை யானை தன் பெருஞ்செவியால் உணர்கிறது. ஏனைய விலங்குகள் எள்ளி நகையாடியும், கண்ணுக்குத் தெரியாத அம்மக்களைக் காக்க அது உறுதி பூணுகிறது. சிறியர் என்பதற்காக எவரையும் புறக்கணித்தல் ஆகாது என்பதே கதையின் கருத்து. அந்நூலைக் கைசல் கியோட்டோ நகரத்து ஜப்பானிய நண்பர் ஒருவருக்கு உரிமையாக்கினார். அவருடைய மனமாற்றத்திற்கு இதனைச் சான்றாகக் கருதுவோர் பலர். மல்பெரி வீதிக் கதையில் சீனர் ஒருவரைக் கேலியாகக் காட்டிய படத்தையும் சொல்லையும் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே ஓரளவு மாற்றினார்.

1991ஆம் ஆண்டில் கைசல் மறைந்தார். காட்சிச்சாலை திறக்கப்பெற்ற ஆண்டிலேயே அக்குறை மீண்டும் தலைகாட்டியது. அச்சீனரின் உருவம் சுவரோவியம் ஒன்றில் பெரிதாக இடம்பெற்றிருந்தது. விழாவுக்கு அழைக்கப்பெற்ற சிறுவர் நூலாசிரியர் மூவர், அவ்வோவியம் உள்ளவரை வர இயலாது என மறுத்தனர். பழைய ஓவியம் வரலாறு ஆதலின் இருக்கட்டும் என்றனர் சிலர். நினைவகத்தின் வாயிலில் கால் வைக்கும் எந்தக் குழந்தையும் தன் இனத்தின் இழிவைக் காணலாகாது என்றனர் மற்றையோர். முடிவில் அவ்வோவியம் நீக்கப்பெற்று, வேறு ஓவியம் அவ்விடத்தில் அமைந்தது. 2021ஆம் ஆண்டில், அவர் நூல்களின் உரிமை பெற்ற நிறுவனமே மல்பெரி வீதிக் கதை உள்ளிட்ட ஆறு நூல்களின் பதிப்பை நிறுத்தியது. அம்முடிவு சரியோ தவறோ என்னும் வாதம் ஓயவில்லை. ஆயினும், தம் படைப்பைத் தாமே அழித்துத் திருத்தும் வழியைக் காட்டியவர் அக்கலைஞரே என்பது மறுக்கவியலாதது.

பெரியோரைப் போற்றுதல் என்பது அவர்தம் பிழையை மறைத்தல் அன்று. பிழை கண்டு அவரை அடியோடு தூற்றுதலும் அன்று. நிறையைக் கொண்டாடி, குறையைக் குறையென ஒப்புக்கொண்டு, அதனினின்று கற்றலே உண்மையான போற்றுதலாகும்.

காட்சிச்சாலையை விட்டு வெளியே வருவோர் மீண்டும் அப்பூங்காவைக் கடக்கின்றனர். அங்கே, ஒரு சிறு துகளின் குரலைக் கேட்ட யானை வெண்கலமாய் நிற்கிறது. பல நாட்டுக் குழந்தைகள், நிறத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர், அதன் துதிக்கையைத் தொட்டு மகிழ்கின்றனர். அக்குழந்தைகளுள் எவரும் இகழ்ச்சி கொள்ளாது சிரித்தல் வேண்டும். அதுவே அக்கலைஞருக்கு அவர் பிறந்த ஊர் செய்யும் சிறப்பு.