டைரக்டர் நடிக்க, கேமராமேன் இயக்க…

கேள்வி: 'கல்லுக்குள் ஈரம்' பார்த்தேன். பாரதிராஜா விறைப்பாக நிற்கிறார், கதையும் இழுக்கிறது. ஆனாலும் பாதியில் நிறுத்த மனசு வரவில்லையே, ஏன்?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இரண்டு குறையும் உண்மைதான். மற்றவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த பாரதிராஜா, தானே கேமரா முன்னால் வந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். ஆனால் அவருக்கு அதில் சினிமா டைரக்டர் வேஷம். படம் எடுக்கக் கிராமத்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஒட்டாமல் நிற்பதுபோல அந்த விறைப்பும் செல்லுபடியாகிவிடுகிறது!

1980-ல் வந்த இப்படத்தை இயக்கியவர் '16 வயதினிலே'வின் ஒளிப்பதிவாளர் பி.எஸ். நிவாஸ். 'மோகினியாட்டம்' மலையாளப் படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். திரைக்கதை தடுமாறும் இடத்தில் அவருடைய கண் காப்பாற்றுகிறது. அருணா, விஜயசாந்தி இருவருக்கும் இதுதான் முதல் படம். ஷூட்டிங்கைக் கண்கொட்டாமல் பார்க்கும் அந்தப் பெண்களின் முகத்தில் பழகிய நடிப்பு இல்லை.

வேடிக்கை பார்க்கும் அந்த முகம் உங்கள் ஊர்க்காரருக்குப் புரியும். பக்கத்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே டூயட் எடுக்க யூனிட் வேன் வந்து இறங்கும்; ரோட்டோரம் கூட்டம் கூடும்; சாயங்காலம் வேன் கிளம்பிவிடும். வேனில் போனவர்களை விட்டுவிட்டு, ஊரில் நின்றவர்களின் மனசைப் பார்த்த இதுபோன்ற படம் நம்மிடம் அபூர்வம்.

அடுத்த முறை பார்க்கும்போது நடிகர் சுதாகர் வரும் பகுதிகளைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள். இளையராஜாவும் ஜானகியும் பாடும் டூயட்டை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.