ஏணையா, பாயா, அழவிடுவதா?

ஆட்டும் கை நின்றதும் கண் விழித்துக்கொள்ளும் பிள்ளையோடு இரவைக் கழிக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, கள்ளக்குறிச்சி கருணாபுரம் போன்ற இடங்களில் ஒரே அறையில் நான்கைந்து பேர் படுத்து, விடியும் முன்பே கூலி வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்காக. பிள்ளையைத் தானாகத் தூங்கப் பழக்கும் யோசனைகள் பெரும்பாலும் குழந்தைக்கென்று தனி அறையே உள்ள வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றில் எது நமக்கு ஒத்துவரும்?

முதலில் வயதைப் பாருங்கள். நான்கு மாதம் ஆகும்வரை தூக்கத்துக்கு எந்தப் பழக்குதலும் வேண்டாம். அந்த வயதில் இரவு பகல் சரியாகப் பிடிபட்டிருக்காது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். அழுதால் தூக்குங்கள். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையம் 2022இல் சொன்ன ஒரு வழி இங்கே உதவும். அழும் குழந்தையைத் தோளில் போட்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கீழே விடாமல், ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு படுக்கவைக்க வேண்டும். படுக்கவைத்த உடனே விழித்துக்கொள்வது இதனால் குறைகிறது.

நான்கிலிருந்து பதினொரு மாதம் வரை, பகலும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எந்தப் பிள்ளையும் ஒரேயடியாகத் தூங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி விழிக்கும். அப்போது, கண் அயர்ந்த நேரத்தில் என்ன இருந்ததோ அதையே தேடும். ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை ஆட்டத்தைத் தேடும். பால் குடித்தபடி தூங்கிய பிள்ளை மார்பைத் தேடும். இதைப் பிடிவாதம் என்று திட்டுவது அநியாயம்.

இனி முதல் வழி, ஏணை. பழைய புடவையில் உத்திரத்தில் கட்டிய ஏணை ஏழை வீட்டின் பெரிய வசதி. தரையில் ஊரும் பூச்சி அண்டாது, இடம் அடைக்காது, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே காய் நறுக்கலாம். அதை ஒழித்துக்கட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அதில் போட்டு வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். துணி ஆழமாகத் தொங்கினால் பிள்ளையின் தாடை நெஞ்சோடு மடங்கி மூச்சு தடைபடலாம். குறுக்கே கம்பு கொடுத்துத் துணியை விரித்துக் கட்டுங்கள். விழுந்தாலும் அடிபடாத உயரத்தில், தாழ்வாகக் கட்டுங்கள். அண்ணன் அக்கா முறுக்கி விளையாட விடாதீர்கள், துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பிள்ளை தானாகப் புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கினால் ஏணையின் காலம் முடிந்தது.

இரண்டாவது வழி, அம்மா பக்கத்தில் பாயில் படுக்கவைப்பது. கல்வராயன் மலை ஊர்களிலும் சமவெளியிலும் இதுதான் காலங்காலமான வழக்கம். பால் கொடுக்கச் சுலபம், எழுந்து நடக்க வேண்டாம். பிள்ளை மல்லாந்து, தலையணை இல்லாமல், கெட்டியான விரிப்பில் படுக்க வேண்டும். மலைக்குளிரிலும் போர்வை முகத்துக்கு ஏறக்கூடாது. நான் இதில் விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு: குடித்திருப்பவர் பக்கத்தில் கைக்குழந்தை படுக்கக்கூடாது. பிள்ளை மேல் புரண்டு படுத்தாலும் அவருக்குத் தெரியாது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்த ஊரில் இதை எழுதுவது யாரையும் குத்திக்காட்ட அல்ல. குடித்தவருக்கு அறையின் மறுகோடியில் பாய் போட்டால் ஒரு பிள்ளை பிழைக்கும். சளிக்கு, தூக்கத்துக்கு என்று ஒரு சொட்டு பிராந்தி கொடுப்பதும், இருமல் மருந்தை ஊற்றித் தூங்கவைப்பதும் கூடவே கூடாது.

மூன்றாவது, அழவிடுவது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் எழுதிய புத்தகத்தால் இது பரவியது. பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து, மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டிப் போய்ப் பார்க்கும் முறை. ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், இதனால் தாயிடம் பிள்ளைக்கு உள்ள ஒட்டுதல் குறைந்ததாகத் தெரியவில்லை. வேலை செய்கிற முறைதான். ஆனால் வெளியே வர இன்னொரு அறை வேண்டுமே! சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில் பிள்ளை பத்து நிமிடம் அழுதால், “ஏம்மா, புள்ள அழுவுதே, தூக்குனா என்ன?” என்று அக்கம்பக்கம் வந்து நிற்கும். அம்மா பாதியில் தூக்கிவிடுவாள். பாதியில் தூக்கினால், இன்னும் கொஞ்சம் அழுதால் போதும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். இந்த வீடுகளுக்கு இது வேண்டாம்.

நான் சொல்வது படிப்படியாகக் குறைக்கும் வழி. ஆறு மாதம் தாண்டிய, எடை சரியாக ஏறும் பிள்ளைக்கு இது பொருந்தும். விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து, தட்டி ஏப்பம் விடவைத்து, பாலோடு தூங்கிவிடாதபடி சிறிது நேரம் விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு ஏணையில், புரளத் தொடங்கிவிட்ட பிள்ளை என்றால் மடியில், போட்டு, கண் சொக்கும்வரை மட்டும் ஆட்டுங்கள். முழுக்கத் தூங்கும் முன் நிறுத்தி, துணியோடு சேர்த்து நெஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சிணுங்கினால் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். சில நாளில் ஏணையையோ மடியையோ விட்டுப் பாய், அங்கே தட்டிக்கொடுப்பது, பிறகு தட்டாமல் கை மட்டும். தாலாட்டைக் கடைசிவரை நிறுத்தாதீர்கள். ஆட்ட எழுந்து உட்கார வேண்டும். பாடக் கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும். படுத்து வெகுநேரம் புரள்கிற பிள்ளையைக் கொஞ்ச நாள் கால்மணி நேரம் தள்ளிப் படுக்கவைத்துப் பார்க்கலாம். அதே ஆஸ்திரேலிய ஆய்வில் இப்படித் தள்ளிப் படுக்கவைக்கும் முறையிலும் பிள்ளைகள் சீக்கிரம் கண் அயர்ந்தார்கள். நடு இரவு விழிப்புதான் பெரிதாகக் குறையவில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அம்மா குறைப்பதைப் பாட்டி கூட்டினால் ஒன்றும் நடக்காது.

அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளை என்றால் இந்தக் குறைக்கும் வழியையும் தொடங்காதீர்கள். சாராயச் சாவுகளில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆனால் ராத்திரி விழித்துத் தேடும் பிள்ளைக்குப் பதில் சொல்வது பாட்டியின் கைதான். அந்தப் பிள்ளை கேட்கும்வரை ஆட்டட்டும். உறவினர்கள் முறை வைத்து ஓரிரு இரவு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பாட்டியைத் தூங்க விடுங்கள்.

காய்ச்சல், பால் மறுப்பது, எடை ஏறாதது, மூச்சு வாங்குவது இருந்தால் அது தூக்கப் பிரச்சினை அல்ல. கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் விடியக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.